டாக்டரம்மாவின் எனாமல் டம்ளர்

மகனே,

வராதே. நலம் விசாரிப்பதையும் இங்கே மழை பெய்ததா என்று சொல்வதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்த ஒரு சொல்லைப் படித்துவிடு. பரீட்சையில் தேறிவிட்டேன், பட்டணத்திலிருந்து நேரே மாரிகுப்பம் வந்து டாக்டரம்மாவின் டிஸ்பென்சரிக் கதவைத் திறக்கப்போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கதவு இப்போது இருக்கிற இருப்பை உனக்கு ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. படிக்கிற பிள்ளையின் மனத்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது படிப்பு முடிந்துவிட்டது, இனிமேல் கெட்டால் கெடட்டும். நம் சுரங்கக் கூலி லைனிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் வேறு யாராவது அங்கே இருந்தால் அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

டாக்டரம்மா இந்த ஊருக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்க நியாயமில்லை, நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். மிஷன்காரர்கள் ஒரு லேடி டாக்டரை அனுப்புகிறார்கள் என்றதும் வெள்ளைக்காரிதான் வருவாள் என்று எல்லோரும் போய் நின்றோம். மாட்டுவண்டியிலிருந்து இறங்கியது கறுத்து மெலிந்த ஒரு தமிழ்ப் பெண். கையில் ஒரு தோல்பை, காலில் பூட்ஸ். "இன்னாப்பா இது, நம்மள மாதிரியே கீது" என்று உன் அப்பா என் காதில் சொன்னார். அது டாக்டரம்மா காதிலும் விழுந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்று தொடங்கி ஊர் முழுக்க ஒரே கேள்விதான். இவள் என்ன ஜாதி? நேரே கேட்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். "அம்மா இன்னா ஜாதிங்க?" என்பார்கள். "நாக்க நீட்டு" என்பார் அவர். கேட்டவன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பான், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். கடைசிவரை அந்தக் கேள்விக்கு அவர் வேறு பதில் சொல்லவே இல்லை.

டிஸ்பென்சரிக்கென்று கொடுத்த தகரக் கட்டடம் மேஸ்திரி வரதப்பனுடைய நிலத்தில் நின்றது. சுரங்கத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தே பெருத்துப்போனவர் அவர், உனக்குத் தெரியும். கட்டடத்துக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு ஜன்னல். ஊர்க்காரர்களுக்குக் கதவு, நம் ஜனங்களுக்கு ஜன்னல் என்று டாக்டரம்மா வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவர் வந்த மறுநாளே ஜன்னலுக்குக் குறுக்கே மருந்து அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டார். எல்லோரும் கதவு வழியாக வந்தார்கள். அதாவது, வந்தாக வேண்டியவர்கள் வந்தார்கள். என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். தண்ணீர் இறைக்க, மருந்து கலக்க, பிறகு பிரசவம் பார்க்க. பாட்டில் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடாதே என்று திட்டித்திட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கடிதத்தை நீ தடுமாறாமல் படிக்கிறாய் என்றால் அந்தத் திட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மருந்தில் கலக்கிற தண்ணீர் என் கையால் இறைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என்ன செய்தார்கள் என்றால், அம்மா அம்மா என்று பவ்யமாகப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். காய்ச்சல் எப்படி இறங்கும்? மேஸ்திரியின் மனைவி மட்டும் வெளிப்படையாகக் கேட்டாள். "தூளா குடுத்துடும்மா. தண்ணி மருந்து எங்களுக்கு ஆவாது." டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். "உங்க வூட்டு முருங்கைக்கு இப்ப காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றார். அன்றிலிருந்து மருந்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஆகிவிட்டது. இங்கேயே, அவர் கண் எதிரில், நீல விளிம்பு போட்ட அந்த எனாமல் டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போக வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது, காய்ச்சல் மருந்தான கொயினா மூக்கில் ஏறிப் பாதி கீழே போய்விடும். ஒருவர் குடித்ததும் டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்பார். "எச்சில் செத்துப்போச்சு. ஜாதி செத்துதான்னு அடுத்த ஆள் குடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்பார். அந்த டம்ளரை உனக்கு நன்றாகத் தெரியும். கசப்புத் தாங்காமல் நீ ஒரு தடவை தட்டிவிட்டு, அது படியில் உருண்டு, விளிம்பில் எனாமல் பெயர்ந்துபோயிற்று. அதற்காக உன்னை அடிக்க வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "டம்ளர் அழல, நீ ஏன் அழற" என்று உன்னைக் கேட்டார்.

கொஞ்ச நாளில் எல்லோரும் குடித்தார்கள். மேஸ்திரியின் மனைவியும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஜனங்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று டாக்டரம்மா நம்பினார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டிக்கொள்ளும்போது எவன் ஜாதி பார்க்கிறான்? குடிப்பான். காய்ச்சல் விட்டதும் குடித்ததை மறந்துவிடுவான். நோய்க்கு நடுவில் ஒருவன் உன்னிடம் நடந்துகொள்வதை வைத்து அவனை எடை போடாதே. குணமாகி வீட்டுக்குப் போன பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் உன்னைப் பார்த்து நிற்கிறானா, பார்வையைத் திருப்பிக்கொள்கிறானா என்று பார்.

வெள்ளைக்காரர் பக்கமும் ஒன்றும் மேலில்லை. ஒரு துரையின் வீட்டில் பிரசவம், அவர்களுடைய டாக்டர் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் நம் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பட்லர் வந்து சமையல்கட்டு வழியாக வரச் சொன்னான். டாக்டரம்மா தோட்டத்தில் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "முன்கதவு திறக்கட்டும், இருக்கேன்" என்றார். உள்ளே அந்தப் பெண் கத்துகிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டது. முன்கதவு திறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். புறப்படும்போது அந்தத் துரை, "தேங்க்யூ, நர்ஸ்" என்றான். வரும் வழியெல்லாம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தார், அது சிரிப்பில்லை.

உன் அப்பாவின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டதும் அவர்தான். ஒரு பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று உன் அப்பா பிடித்த அடத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. டாக்டரம்மா குழாயைக் கழற்றி வைத்தார். பாறைத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இனிமேல் சுரங்க ஷாஃப்டில் இறங்காதே என்றார். "மேல இன்னா கீதும்மா?" என்று கேட்டார் உன் அப்பா.  கேட்டுவிட்டு மறுபடியும் இறங்கினார், இறங்கி இறங்கியே போய்ச் சேர்ந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் டாக்டரம்மா உன்னைப் பற்றி என்னிடம் பேசினார். "நான் வெளியூர்க்காரி. நான் செத்தா இந்தக் கதவு மூடிடும். மூடாம இருக்கணும்னா இந்த லைன்ல பொறந்தவன் ஒருத்தன் டாக்டராகி இங்க உக்காரணும். உன் புள்ளயக் குடு." மிஷனில் யார் யாரிடமோ சண்டை போட்டு, சேரிப் பிள்ளைக்கு வைத்தியப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் பதில் சொல்லி உன்னை ரயில் ஏற்றினார். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஒரே கதவு, அதற்குள் நம்மில் ஒருவன். அந்த ஆசையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நீயும் வரத் துடிக்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை.

பிளேக் வந்த வருஷம் நீ வர முடியவில்லை. ரயிலில் ஏறுகிறவர்களை நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எலி செத்த வீடுகளைக் காலி செய்து ஜனங்களை வெளியே கொட்டகைகளில் போட்டார்கள். அந்தக் கொட்டகைகளுக்குள் போய் வந்தது டாக்டரம்மாவும் நானும்தான். எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது. கட்டி கண்ட அன்றே, "உம் புள்ள வர்ற வரைக்கும் கதவச் சாத்தாத" என்றார். அவர் இறந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக விடவில்லை, நோயில் செத்தவர்களை அங்கங்கேயே புதைக்கச் சொல்லிவிட்டார்கள். டிஸ்பென்சரிக்குப் பின்னால் உன் அப்பாவோடு வேலை செய்தவர்கள் கடப்பாறையும் சம்மட்டியும் கொண்டுவந்து பாறையை உடைத்துக் குழி வெட்டினார்கள். நம் ஆட்கள்தான் தூக்கினார்கள், நம் ஆட்கள்தான் மண் தள்ளினார்கள். ஊரே அழுதது. மேஸ்திரியும் அழுதார். இவ்வளவும் உனக்கு எழுதியிருந்தேன். இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் எழுதவில்லை.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர்க்காக அகாலமாகச் செத்த பெண்ணைச் சும்மா கிடக்க விடமாட்டார்கள். மேஸ்திரி ஒரு கல் நட்டார். கல் நட்டது மரியாதைக்குத்தான். யாரோ ஒருத்தி அதில் மஞ்சள் பூசினாள், இன்னொருத்தி வேப்பிலை வைத்தாள். நானும் நம் பெண்களோடு போய் ஒரு கொத்து வைத்துவிட்டு வந்தேன், அழுகையில் அது தப்பாகத் தெரியவில்லை. பிளேக் தானாகவே தணிந்தது. "அம்மா அத்த எடுத்துக்கினு பூட்டா" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கல்லுக்குக் கண் வைத்தார்கள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டினார்கள். ஒரு கூரை வந்தது. கூரை வந்ததும் பூசாரி வந்தார். பூசாரி வந்ததும் சுற்றிலும் சுவர் வந்தது, சுவருக்கு வெளியே நம் ஜனங்கள் நிற்க ஓர் இடம் வந்தது. குழி வெட்டிய கைகளுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கடைசி மருந்து தீர்கிற வரைக்கும் டிஸ்பென்சரிக் கதவை நான் திறந்து வைத்திருந்தேன். பிறகு மேஸ்திரி பூட்டிக்கொண்டார். இப்போது அங்கே எண்ணெய்ச் சட்டியும் திருவிழாச் சாமானும் கிடக்கின்றன. வேறு டாக்டர் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜனங்களும் கேட்பதில்லை. அம்மாவே இருக்கும்போது டாக்டர் எதற்கு?

அந்த எனாமல் டம்ளரை அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள். பூசாரி அதில் மஞ்சள் தண்ணீர் கரைத்து உள்ளே இருக்கிறவர்களுக்குக் கையில் கொடுக்கிறார். வெளியே நிற்கிற நமக்குச் சுவருக்கு மேலாக உயரத்திலிருந்து ஊற்றுகிறார், இரண்டு கையையும் குவித்து ஏந்திக்கொள்ள வேண்டும். எந்த டம்ளர் என்று யோசித்துப் பார், மகனே. அவர் உயிரோடு இருந்தபோது அவரைத் திட்டியபடியே அதில் வாய் வைத்துக் குடித்தார்கள். இப்போது கும்பிட்டுக்கொண்டே அதைப் பிடுங்கிவிட்டார்கள். திட்டியவர்களோடு அவரால் மல்லுக்கட்ட முடிந்தது. கும்பிடுகிறவர்களோடு யார் மல்லுக்கட்டுவது? உன் காலில் யாராவது விழ வந்தால் ஓரடி நகர்ந்துகொள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நகர்ந்துகொள்.

உன் கடிதம் வந்த செய்தி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. மேஸ்திரி நம் வீட்டு வாசலுக்கே வந்தார். முன்பெல்லாம் இந்தத் தெருவில் காலெடுத்து வைத்தவரில்லை.

"உம் புள்ள டாக்டரா வர்றானாமே. எல்லாம் அம்மா அருள். வரட்டும், மேளம் வச்சிக் கூட்டியாரலாம். சுவத்துக்கு வெளிய பெரிய பந்தல் போட்டு அங்கயே மரியாத பண்ணிடலாம்."

"உள்ள வந்து அவுங்களப் பாக்க வாணாங்களா? அவுங்க படிக்க வச்ச புள்ளங்க."

"உள்ள எப்படிம்மா? நாங்க ஒன்னும் சொல்லல. அம்மாவுக்கே ஆவாது."

கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்போதும்கூட உன்னை வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பூட்டை உடைத்தாவது நீ கதவைத் திறந்துவிட்டால் நம் ஜனங்களாவது வருவார்கள் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அந்த ஆசையையும் பக்கத்து வீட்டு அஞ்சலை தீர்த்து வைத்தாள்.

அஞ்சலையை டாக்டரம்மா எத்தனை தடவை பிழைக்க வைத்தார் என்று உனக்குத் தெரியும். போன மாதம் அவள் பெண் குழந்தைக்குக் குளிர்க்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என்னிடம் ஒரு குப்பியில் கொஞ்சம் கொயினா மிச்சம் இருந்தது, எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வோணாங்கா. அம்மா தீர்த்தம் குடுத்திருக்குது. அதுக்கு மேல மருந்து குடுத்தா அவுங்கள நம்பலன்னு ஆயிடும்."

"அவுங்க உனுக்குக் குடுத்தது கொயினாடி! தண்ணியில்ல. நான்தான் கலக்கினேன், என் கையாலதான் கலக்கினேன்!"

"நீ கூட இருந்த. அவுங்க யாருன்னு உனுக்குத் தெரியல" என்றாள் அஞ்சலை. என்னைப் பார்த்து அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. குழந்தை மறுநாள் போய்விட்டது. "அம்மா எடுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அழக்கூட இல்லை. நான்தான் அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணை அறைந்துகொண்டு அழுதேன். நீ இங்கே வந்தால் உன்னிடம் வருகிற முதல் குழந்தை இப்படித்தான் வரும், எல்லாம் முடிந்த பிறகு. அதையும் நீ கொன்றதாகத்தான் சொல்வார்கள்.

அதனால் ரங்கூனுக்குப் போ. அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாயே, கப்பல் ஏறு. அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஜனங்கள்தானே அங்கேயும் போயிருக்கிறார்கள், சுவரையும் கூடவே கட்டித் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள். ஆனாலும் அங்கே நீ கும்பிடுகிறவர்களுக்கு நடுவில் வேலை செய்ய வேண்டியிருக்காது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே கதவை வை. அடுப்பில் வெந்நீர் கொதிக்காமல் அந்தக் கதவைத் திறக்காதே. நம் பிள்ளைகள் யாராவது கேட்டால் எழுத்துச் சொல்லிக்கொடு, திட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள், நான் வந்து பார்க்கவில்லை என்று தள்ளிப்போடாதே. உனக்குப் பிறகு உனக்குக் கல் நட வேண்டாம் என்று உயிரோடு இருக்கும்போதே எல்லோரிடமும் சொல்லி வை.

இன்னும் ஒன்று. நேற்று உச்சி வெயிலில் பூசாரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நான் சுவரைத் தாண்டி உள்ளே போனேன். பட்டப்பகலில்தான் போனேன். கல்லுக்குப் பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தி வைத்து, நாக்கை வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள். கும்பிடத் தோன்றவில்லை. "இப்ப உங்களையே நாக்க நீட்ட வச்சுட்டாங்களேம்மா" என்று சொன்னேன். டம்ளரை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதை உனக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இங்கே தபாலில் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று பக்கத்து ஊரான கோரமண்டலுக்கு நடந்துபோய்க் கொடுக்கப்போகிறேன், இந்தக் கடிதமும் அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே வரும். இந்நேரம் தேடத் தொடங்கியிருப்பார்கள். கேட்டால் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடுவேன். அடிப்பார்களோ, லைனை விட்டுத் துரத்துவார்களோ தெரியாது. நம் ஜனங்களே முதல் கல்லை எடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அது காதில் விழுந்து நீ ஓடி வந்துவிடாதே, நீ வந்தால் நான் இதை எடுத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். இதனால் இங்கே எதுவும் மாறப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கே வேறொரு டம்ளர் வாங்கி வைத்துவிடுவார்கள், இரண்டு நாளில் அதுவும் அம்மா குடித்த டம்ளர் ஆகிவிடும்.

சாம்பல் போட்டு எவ்வளவோ தேய்த்துப் பார்த்தேன், உள்ளே பிடித்திருக்கிற மஞ்சள் போகவில்லை. விளிம்பில் நீ பெயர்த்த இடம் அப்படியே இருக்கிறது, விரல் வைத்துப் பார். கொதிக்கிற தண்ணீரில் ஒரு தடவை முக்கி எடு. பிறகு அதில் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து குடிக்காமல், வாய் வைத்து முதலில் நீ குடி.

உன் அம்மா